தபால் வராத நாட்கள்

(பழைய மாணவர் சங்கத்தின் குடியரசு தின ஒன்றுகூடலில், இயற்பியல் துறையின் 1993–96 அணியைச் சேர்ந்த பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் என்னிடம் ‘வெற்றிக்கு வழி’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருந்தார். நானும் நாலு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன். ஆனால் இன்று காலை நம் இயற்பியல் துறை வராண்டாவில் நடந்தபோது தலைப்பு மாறிவிட்டது. தூணோரம் இரண்டாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேர் ஒரே செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். “என்னம்மா பாக்கறீங்க?” என்று கேட்டேன். “ரிசல்ட் வந்துடுச்சான்னு பாக்கறோம் மேடம்” என்றாள் ஒருத்தி. “எப்ப வரும்னு போட்டிருக்காங்க?” என்றேன். “அதுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல ஆகும் மேடம். சும்மா பாக்கறோம்” என்றாள் மற்றவள்.

அந்த ‘சும்மா’ எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் செயலாளரிடம், “நான் காத்திருப்பது பற்றிப் பேசுகிறேனே” என்று கேட்டேன். அவர், “பஸ்ஸுக்கா மேடம்?” என்றார். இல்லை. அந்த இரண்டு பெண்கள் எதற்காகக் காத்திருக்கிறார்களோ, அதைப் பற்றி.

அது என்னவென்று தெரியாத பெரியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய், ஒரு விஞ்ஞானியின் கீழே இருந்து வேலை பார்த்துக் கற்றுக்கொள்ளும் திட்டங்கள் நம் நாட்டில் உண்டு. அதில் பெரியது, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்துவது. சர் சி. வி. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி ஒன்று. மேகநாத் சாஹா முன்னின்று 1930இல் அலகாபாத்தில், இன்றைய பிரயாக்ராஜில், தோற்றுவித்த தேசிய அறிவியல் அகாடமி இன்னொன்று. டெல்லியில் இருக்கும் இந்திய தேசிய அறிவியல் அகாடமி மூன்றாவது. மாணவர்கள் மட்டுமல்ல, கல்லூரி ஆசிரியர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இரண்டு மாதம், கையில் உதவித்தொகையும் உண்டு. இது தவிர, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு மையம் ஆகியவை தனியே நடத்தும் திட்டங்கள் இருக்கின்றன. கணிதம் படிப்பவர்களுக்குப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய கோடைப் பயிற்சி இருக்கிறது, எம்.டி.டி.எஸ். என்றால் கணிதத் துறையில் எல்லாருக்கும் தெரியும்.

இவற்றில் இடங்கள் குறைவு. கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில். மதிப்பெண் பட்டியல், ‘நான் ஏன் வர விரும்புகிறேன்’ என்று சொந்தமாக எழுதிய ஒரு பக்கம், ஆசிரியர் எழுதும் சிபாரிசுக் கடிதம், இந்த மூன்றையும் அனுப்பிவிட்டு உட்கார வேண்டியதுதான். பெரும்பாலும் நுழைவுத் தேர்வு கிடையாது. தேர்வு என்று ஒன்று இருந்தால் ‘நன்றாக எழுதினேன், சுமாராக எழுதினேன்’ என்றாவது மனசுக்குத் தெரியும். இதில் அதுவும் தெரியாது. குளிர்காலத்தில் அனுப்பினால் பதில் வர மாசிப் பங்குனி ஆகிவிடும். இந்த இடைப்பட்ட நாட்களைத்தான் நான் ‘தபால் வராத நாட்கள்’ என்று சொல்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். 1994 டிசம்பர். நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. எங்கள் துறைத்தலைவர் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என்னையும் என் தோழியையும் கூப்பிட்டார். தோழியின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். சார் கையில் ஓர் அறிவிப்பு. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கோடையில் இரண்டு மாதம். “ரெண்டு பேரும் போடுங்க” என்றார். அவ்வளவுதான். “கிடைக்குமா சார்?” என்று கேட்டேன். “போட்டாத்தானே கிடைக்காமப் போறதுக்காவது வழி இருக்கு” என்றார். அப்போது இது கேலி என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, அவர் சொன்னது கணக்கு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விண்ணப்பத்தை அடித்தோம். பதிவுத் தபாலில், ஒப்புதல் அட்டை இணைத்து அனுப்பினோம். பத்து நாளில் அந்த அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்தது. யாரோ ஒருவர் பெங்களூரில் என் உறையைக் கையில் வாங்கியிருக்கிறார்! அந்தக் கையெழுத்தைப் பார்த்தே இவர் நல்லவரா, இரக்கம் உள்ளவரா என்று நாங்கள் இரண்டு பேரும் ஆராய்ச்சி செய்தோம். அதுதான் என் முதல் ஆராய்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பொங்கல் போயிற்று. எங்கள் தெருவுக்குத் தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். நான் கல்லூரியில் இருக்கும் நேரம். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, “தபால் வந்துச்சா?” என்பேன். அம்மா முதலில் “இல்லம்மா” என்று சொன்னார்கள். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினார்கள். கடைசியில் நான் உள்ளே வரும்போதே அடுப்படியிலிருந்து, “வரல!” என்று சத்தம் வரும். தபால்காரரே ஒரு நாள் தெருமுனையில் என்னைப் பார்த்து சைக்கிளை நிறுத்தி, “பாப்பா, வந்தா நானே காலேஜுக்குக் கொண்டாந்து தர்றேன், நீ கவலப்படாதே” என்றார்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நாம் நினைக்கிறோம். இல்லை. அது ஒரு முழுநேர வேலை. புத்தகத்தைத் திறந்தால் பெங்களூர். ‘அந்தப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கலாமோ’ என்று ஒரு நாள். ‘நம்ம காலேஜ் பேரைப் பார்த்தே ஓரமா வெச்சிருப்பாங்க’ என்று இன்னொரு நாள். மின்காந்தவியல் மாதத் தேர்வில் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள் பதினோராவதாக வந்தேன். சார் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, லெட்டர் வர்றதுக்கும் நீ இப்படி உட்கார்ந்திருக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? நீ படிக்காம இருந்தா அது சீக்கிரம் வந்துடுமா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் என்னை ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூலையில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர். நம் துறையில் படித்தவர்களுக்கு அதைத் தெரியும். ஸ்லிட்டின் திருகு இறுகிப் போய், யாரும் தொடாமல் கிடந்தது. “சோடியம் விளக்கோட மஞ்சள் கோடு ஒண்ணு இல்ல, ரெண்டு. புத்தகத்துல படிச்சிருக்கே. கண்ணால பாத்திருக்கியா?” என்றார். “இல்ல சார்.” “பிரிச்சுக் காட்டு. அதுக்கப்புறம் லெட்டரப் பத்திப் பேசலாம்.”

அறிவியல் படிக்காதவர்களுக்காக ஒரு நிமிடம். தெருவிளக்கில் பார்த்திருப்போமே, அந்த மஞ்சள் ஒளி, சோடியம் ஆவியில் இருந்து வருவது. அதில் மிக அருகருகே இரண்டு அலைநீளங்கள் இருக்கின்றன. ஒன்று சுமார் 5890 ஆங்ஸ்ட்ராம், மற்றது சுமார் 5896. ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். அங்குலத்துக்கு 15,000 கோடுகள் கொண்ட கிரேட்டிங்கை வைத்தால், முதல் வரிசையில் இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் ஒரு கலைக்குச் சற்றுக் கூடுதல். ஒரு டிகிரியை அறுபதாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு கலை. நம் கருவியின் வெர்னியரால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவே அதுதான். இரண்டாம் வரிசைக்குப் போனால் இடைவெளி மூன்று கலைக்கு மேல் விரியும். ஆனால் வெளிச்சம் மங்கிவிடும். ஸ்லிட்டை அகலமாகத் திறந்தால் வெளிச்சம் வரும், கோடு தடித்து இரண்டும் ஒன்றாகிவிடும். குறுக்கினால் பிரியும், ஆனால் கண்ணுக்கே தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும். அதைச் சொல்லித்தர முடியாது. கைக்குத்தான் தெரிய வேண்டும்.

தினமும் மாலை ஒரு மணி நேரம். ஆய்வக உதவியாளர் அண்ணன் எனக்காகச் சாவியோடு காத்திருந்தார். அவருக்கு இந்த மேடையில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்லிட்டின் விளிம்பைத் துடைத்து, தொலைநோக்கியைத் தூரத்து மரத்துக்குக் குவித்து, மேடையைச் சமமாக்கி, மறுபடி முதலில் இருந்து. மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு தடித்த மஞ்சள் கோடு, அவ்வளவுதான். பிறகு ஒரு நாள், மணி ஐந்தரை இருக்கும், திருகை ஒரு மயிரிழை திருப்பினேன். கோட்டின் நடுவில் ஒரு கறுப்பு இழை தெரிந்தது. மூச்சை அடக்கிப் பார்த்தேன். இரண்டு கோடு. தனித்தனியாக, பக்கத்தில் பக்கத்தில்.

கத்திவிட்டேன். உதவியாளர் அண்ணன், “ஷாக் அடிச்சிருச்சா?” என்று ஓடி வந்தார். சாரும் வந்து பார்த்தார். கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தார். “ம்” என்றார். அவரிடம் இருந்து ‘ம்’ வாங்குவது என்றால் என்ன என்று பழைய மாணவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கால் கழுவி, சாப்பிட்டும் விட்டேன். அம்மா வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள். “என்னடி, ஒடம்பு சரியில்லையா? தபால் வந்துச்சான்னு கேக்கலியே?” என்றார்கள். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஏப்ரலில் பதில் வந்தது. திங்கட்கிழமை தோழிக்கு வந்தது: தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள். வியாழக்கிழமை எனக்கு வந்தது. தபால்காரர் சொன்னபடியே கல்லூரிக்குக் கொண்டுவந்து தந்தார். மூன்று வரி. விண்ணப்பங்கள் அதிகம், இடங்கள் குறைவு, வருந்துகிறோம். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அழுதேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தோழிக்குக் கிடைத்ததில் சந்தோஷப்பட முடியவில்லையே என்று இன்னொரு அழுகை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அவள் அப்பா, “பெங்களூரா? ரெண்டு மாசமா? வயசுப் புள்ளயத் தனியா அனுப்பிட்டு நாங்க என்ன பதில் சொல்றது?” என்று சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவளைக் கல்லூரிக்கு அனுப்புவதற்கே சொந்தபந்தத்தோடு சண்டை போட்டவர். சார் சைக்கிளில் அவர் கடைக்குப் போனார். கடைக்காரர் எழுந்து நின்று நாற்காலி போட்டு, காபி வாங்கிக் கொடுத்து, மரியாதையாகப் பேசி, கடைசி வரைக்கும் ‘முடியாது சார்’ என்பதை மாற்றவில்லை. மூத்த மகளுக்கு ஆனியில் கல்யாணம் வேறு நிச்சயமாகி இருந்தது. கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய கெடுவோ பத்தே நாள்.

திரும்பி வந்து சார் எங்களிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. “சிபாரிசுக் கடிதம் நான் பெங்களூருக்கு எழுதினேன். அவங்கப்பாவுக்கும் ஒண்ணு எழுதியிருக்கணும், டிசம்பர்லயே. தப்பு என்னோடது.”

அன்பார்ந்தவர்களே, நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். நாம் தபால் வராத நாட்களைத் தபாலுக்காகச் செலவழிக்கிறோம். அந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலை வேறு. ‘இல்லை’ என்று வந்தால் தாங்குவதற்கு ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். ‘ஆம்’ என்று வந்தால் கிளம்புவதற்கு வீடு தயாராக இருக்க வேண்டும். இரண்டில் எது வரும் என்பது நம் கையில் இல்லை. இரண்டுக்கும் தயாராவது நம் கையில் இருக்கிறது.

ராமானுஜன் கதை நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தேதிகளை மட்டும் ஒரு முறை பாருங்கள். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன்பே கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதிப் பார்த்துப் பயன் இல்லை. ஹார்டியின் பதிலில் இருக்கும் தேதி 1913 பிப்ரவரி 8. கப்பல் தபாலில் இதைவிட வேகமாகப் பதில் வர முடியாது. ஆனால் ராமானுஜன் சென்னையில் இருந்து ‘நெவாசா’ கப்பலில் ஏறியது 1914 மார்ச் 17. அதாவது, அழைக்க முன்வந்தவருக்கு யோசிக்க சில நாள் போதுமாக இருந்தது. புறப்பட ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கடல் கடக்கலாமா, சாதிக்கட்டு என்ன ஆகும், தாயார் சம்மதிப்பார்களா என்ற கேள்விகள் எல்லாம் கேம்பிரிட்ஜில் இல்லை, இங்கே இருந்தன. நெவில் என்ற கணித அறிஞர் 1914 தொடக்கத்தில் சென்னைக்கு நேரில் வந்து பேசினார். தாயாரின் சம்மதமும் கிடைத்தது. இடையில் அவர் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. கணக்கு நடந்துகொண்டே இருந்தது.

இரண்டு விஷயம் பாருங்கள். கையில் வேலை இருந்தது. வீட்டோடு பேச ஒரு மனிதர் வந்தார். என் தோழிக்கு முதலாவது இருந்தது. இரண்டாவது பத்து நாள் கெடுவுக்குள் அமையவில்லை.

நான் எம்.எஸ்சி. படிக்கும்போது 1997இல் மறுபடி விண்ணப்பித்தேன். அந்த முறை ‘ஏன் வர விரும்புகிறீர்கள்’ என்ற கேள்விக்கு, விஞ்ஞானத்தின் மகத்துவம், நாட்டின் முன்னேற்றம் என்றெல்லாம் எழுதவில்லை. ஸ்லிட்டைப் பற்றி எழுதினேன். மூன்று வாரம் என்ன என்ன தப்பு செய்தேன் என்று எழுதினேன். இடம் கிடைத்தது. அந்த இரண்டு மாதத்தில் நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. பெரிய கருவி ஒன்றின் முன்னால் பயந்துகொண்டு நின்றபோது, “உனக்கு ஒளியை நேர்படுத்தத் தெரியுமா?” என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். நம் ஆய்வகத்தின் அந்தப் பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் எனக்கு அங்கே நாற்காலி வாங்கித் தந்தது.

பிற்காலத்தில் மேஜையின் மறுபக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். நான் வேலை செய்யும் இடத்தில் கோடைக்கால மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். பிள்ளைகளே, நீங்கள் செல்போனைப் பார்த்துப் பார்த்து ஏங்குகிறீர்களே, அந்தத் தீர்ப்பு எப்படி எழுதப்படுகிறது தெரியுமா? எத்தனை பேரை எடுப்பது என்பதை முதலில் தீர்மானிப்பது உங்கள் அறிவு அல்ல. விடுதியில் எத்தனை கட்டில் காலி, எத்தனை பேராசிரியர்கள் கோடையில் ஊரில் இருப்பார்கள், இந்தக் கணக்குதான். இருபது இடம் என்றால், முதல் பத்துப் பேரைப் பற்றிப் பெரும்பாலும் தகராறு இருக்காது. அடுத்த பத்துக்கு ஐம்பது பேர் சமமாக நிற்பார்கள். இருபதாவதாக எடுத்தவருக்கும் இருபத்தொன்றாவதாக விட்டவருக்கும் என்ன வித்தியாசம் என்று என்னை எழுப்பிக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. விடுபட்டவரோ, ‘நான் லாயக்கில்லை’ என்று முடிவுகட்டிக்கொண்டு போய்விடுகிறார். குழு அப்படி ஒரு முடிவு எடுக்கவே இல்லை!

இன்னொன்றும் பார்த்தேன். ‘இம்மாணவி ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, தேர்வு செய்யப் பரிந்துரைக்கிறேன்’ என்று ஒரே மாதிரிக் கடிதம் கட்டுக்கட்டாக வரும். நடுவில் ஒன்று, ‘இவள் வகுப்பில் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கு அன்று பதில் தெரியவில்லை’ என்று தொடங்கும். அந்த விண்ணப்பத்தை எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்போம். நான் சலித்துக்கொண்டது மற்றொரு விஷயத்துக்காக. நம் மாதிரிச் சிற்றூர்க் கல்லூரிகளில் இருந்து வரும் விண்ணப்பங்கள் மிகக் குறைவு. தள்ளுபடியானவை என்று சொல்லவில்லை. வருவதே குறைவு. ‘நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போவுது’ என்று தங்களைத் தாங்களே தள்ளுபடி செய்துகொண்டவர்களுக்கு எந்தக் குழுவும் இடம் கொடுக்க முடியாது. அதனால் அந்த வராண்டாப் பெண்கள் இரண்டு பேரையும் பார்த்தபோது எனக்குப் பாவமாகத் தோன்றவில்லை. பெருமையாக இருந்தது. காத்திருக்கிறார்கள் என்றால், கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது என் தோழி. பி.எஸ்சி., பி.எட். முடித்து, பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறாள். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறாள். நேற்று இரவு அவள் வீட்டில்தான் தங்கினேன். பீரோவில் இருந்து எடுத்துக் காட்டினாள். மடிப்பில் கிழிந்து, ஒட்டுப்போட்டு இருந்தது. “ரொம்ப நாள் இது வராமலே இருந்திருக்கலாம்னு நெனச்சிருக்கேன்டி. உனக்கு வந்த மாதிரி மூணு வரி வந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்” என்றாள். நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: “இப்ப அப்படி நெனைக்கல. என்னைத் தெரியாத ஒருத்தர், ‘நீ வரலாம்’னு எழுத்துல சொன்னது இந்த ஒரு காகிதம்தான்.”

அவள் ஏதாவது சாதித்துவிட்டாள் என்று சொல்லி நான் இதை இனிப்பாக்கப் போவதில்லை. நல்ல ஆசிரியை, அவ்வளவு போதும். ஆனால் அவள் இழந்தது இழந்ததுதான். எனக்குக் கிடைத்த ‘இல்லை’ இரண்டு வருஷத்தில் ஆறிவிட்டது. அவளுக்குக் கிடைத்த ‘ஆம்’ முப்பது வருஷமாக பீரோவில் இருக்கிறது.

எனவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். நுழைவாயில் வளைவு மிக அழகாக இருக்கிறது. கட்டிக்கொடுத்த அணியினருக்குப் பாராட்டுகள். அடுத்து வளைவுக்குள் இருப்பவர்களையும் கொஞ்சம் பார்ப்போம்.

முதலாவது, ஒரு சிறு நிதி. ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருகிற திட்டங்களிலும், பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். கிளம்பும் நாளில் டிக்கெட்டுக்கும் முதல் மாதச் செலவுக்கும் கையில் பணம் வேண்டும். பல வீடுகளில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இதுதான். வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். கடனாகவே கொடுங்கள், திரும்பி வரும்.

இரண்டாவது, பெங்களூர், மும்பை, ஹைதராபாத், டெல்லி என்று நம் பழைய மாணவர்கள் இல்லாத ஊர் இல்லை. போகிற பிள்ளையை ரயிலடியில் வந்து கூட்டிக்கொண்டுபோக ஒரு குடும்பம், ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை சாப்பாடு, அப்பா அம்மாவிடம் போனில், “நாங்க பாத்துக்கறோம்” என்று ஒரு வார்த்தை. 1995இல் அந்தக் கடைக்காரருக்கு இந்த ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

மூன்றாவது, ஆசிரியப் பெருமக்களுக்கு. மாணவர் விண்ணப்பம் போடும் அன்றே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். முடிவு வந்த பிறகு பேசினால் கெடு பத்து நாள். இப்போதே பேசினால் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது. பெண் பிள்ளை என்றால் நேரில் வந்து பேசத் தான் தயார் என்று என் தோழி சொல்லியிருக்கிறாள். கடிதத்தையும் கொண்டுவருவாளாம்.

கடைசியாக, வராண்டாவில் நின்ற அந்த இரண்டு பேருக்கு. செல்போனைப் பார்க்காதே என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள். நானும் கேட்டிருக்க மாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு முறை பாருங்கள், தபால்காரர் மாதிரி, பதினொரு மணிக்கு. இன்று இரவே வீட்டில் உட்கார்ந்து, “கிடைச்சா அனுப்புவீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பயமாக இருக்கும். கிடைத்த பிறகு கேட்பது அதைவிடப் பயம். ஒருத்திக்குக் கிடைத்து மற்றவளுக்குக் கிடைக்காமல் போகலாம். அப்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுவிடாதீர்கள். நானும் அவளும் விடவில்லை.

காலையில் ஆய்வகத்தை எட்டிப் பார்த்தேன். அந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் அதே மூலையில்தான் இருக்கிறது. ஸ்லிட்டின் திருகு மறுபடி இறுகியிருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் போதும். திங்கட்கிழமை மாலை வாருங்கள் என்று துறைத்தலைவர் உங்களுக்குச் சொல்லச் சொன்னார். சாவி அவரிடம் இருக்கிறது.